சுங்கை சிப்புட் போய் வந்தேன்: ரயில் பிரமாதம், அத்தையின் சூராட் (பத்திர) இழுபறி

ஆறு வருஷம் கழித்து, மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் சுங்கை சிப்புட் மூன்று மணி நேரம் போல. ரயிலில் குறையே இல்லை, சொன்ன நேரத்துக்கு வந்தது, கழிப்பறையில் தண்ணீர் இருந்தது, குளிர்தான் மீன் கடை ஐஸ் பெட்டி மாதிரி, போகிறவர்கள் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று அரசாங்கக் கிளினிக்குக்கும் ஒருநாள் போனோம். கூட்டம் அதிகம், காத்திருந்தது இரண்டு மணி நேரம், டாக்டர் பொறுமையாகப் பார்த்தார், கட்டணம் இன்னும் அதே ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். பெர்த்தில் நான் டாக்டருக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, நான் போன காரணம் அத்தை. அப்பாவின் தங்கை, எண்பதைத் தாண்டியவர், கையில் இன்னும் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. மலேசியா பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. ஓட்டு கிடையாது, குடிமக்களுக்கு வரும் உதவித்தொகையில் பேர் வராது. இத்தனைக்கும் அத்தை பிறந்தது ஊருக்கு வெளியே ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், நாட்டை விட்டு ஒருநாள் கூட வெளியே போனதில்லை. சுதந்திரத்துக்கு முன்னால் இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இங்கேதான் பிறந்தேன் என்பதற்குத் தாள் காட்ட வேண்டும், அத்தையிடம் அது இல்லை.

ஏன் இல்லை என்றால் கதை 1943-க்குப் போகும். அப்போது மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித்தான் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை ஏற்றிப் போனார்கள். எங்கள் தாத்தாவும் ஏறினார், திரும்பி வரவில்லை. காலராவா, அடியா, பட்டினியா, யாருக்கும் தெரியாது. அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலும் பேரோடு. தமிழனுக்குக் கணக்குகூட ஒழுங்காக இல்லை, ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். அந்த வருஷம் பாட்டி மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றுகொண்டு லயத்திலேயே அத்தையைப் பெற்றார், பதிய யாரும் போகவில்லை. பதியவேண்டிய ஆள் சயாமில் சரளைக் கல் சுமந்துகொண்டிருந்தார்.

இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போன அரசாங்க அலுவலகத்துக்கு வருகிறேன். எந்த ஊர், எந்தப் பிரிவு என்று சொல்லப்போவதில்லை. பதினாறு நாள் லீவில் நான்கு நாள் அங்கே போனது. முதல் நாள் ஒரு பாரம் (விண்ணப்பப் படிவம்) கொடுத்தார்கள், இரண்டாம் நாள் அது பழைய பாரம் என்றார்கள், மூன்றாம் நாள் அதைப் பார்க்கிற அம்மா லீவு. நாலாவது நாள் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்லவள், அத்தையை உட்காரவைத்து ஆன்ட்டி ஆன்ட்டி என்று மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் கேட்டது இதை: ஆன்ட்டி பிறந்ததைப் பார்த்த, ஆன்ட்டியை விட மூத்த சாட்சி ஒருவர் வேண்டும். எண்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் பிரசவம் பார்த்த சாட்சிக்கு நான் எங்கே போவேன்? அத்தை என் பக்கம் திரும்பி, "எமன்கிட்ட கேட்டா குடுப்பான்யா, அவன்கிட்ட லிஸ்ட் இருக்கும்" என்றார். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

பாட்டியின் பழைய மைலோ டின்னைக் கொண்டு போயிருந்தோம். அதில் ஜப்பான் காலத்து, வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு இரண்டு, கூடவே நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த அரிசிக் கார்டு ஒன்று. பெரியவர் ஒன்று, பிள்ளை இரண்டு என்று கையெழுத்தில் இருக்கிறது, மூலையில் 2603. அந்தப் பெண் அதை ஃபைல் நம்பர் என்று நினைத்துவிட்டாள். ஜப்பான்காரன் வருஷக் கணக்கு அது, நம்முடையதோடு 660 கூட்டினால் வரும், 2603 என்றால் 1943. பிள்ளை இரண்டில் ஒன்று என் அப்பா, இன்னொன்று இதோ உட்கார்ந்திருக்கிறது என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினாள். கணினியில் ஏற்ற முடியாது, ஆனால் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், இந்த ஐசியே ஒரு சண்டையில் பிறந்த பிள்ளை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம், 12 வருஷம் ஓடியது. யார் நம் ஆள், யார் காட்டு ஆள் என்று பிரிக்கத்தான் அந்த வருஷமே 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படமும் கைரேகையும் வைத்த அட்டை வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், கடையில் டின் சாமான் வாங்கினால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகாமலிருக்க ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள், பால் வெட்டுக்குப் போகிறவர் மதியச் சோறு கட்டிப் போகக்கூடாது. 1950-இல் கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை எகிறியது, அந்த வரிப்பணத்தில் இங்கே காட்டுச் சண்டை நடந்தது, அந்தப் பாலை வெட்டியது பாட்டி மாதிரி ஆட்கள்தான். பாட்டிக்கு அட்டை வந்தது, சின்னப் பிள்ளை அத்தைக்கு இல்லை. வயது வந்தபிறகு கேட்கப் போனபோது பிறப்புப் பத்திரம் எங்கே என்றார்கள். அன்று கேட்ட கேள்வியைத்தான் இன்றும் கேட்கிறார்கள்.

ஜப்பான் நஷ்ட ஈடு கொடுக்கவில்லையா என்பீர்கள். 1967-இல் மலேசியாவோடு ஒப்பந்தம் போட்டது, இரண்டரைக் கோடி வெள்ளி, அது இரண்டு சரக்குக் கப்பலாக வந்து சேர்ந்தது. கப்பல் நாட்டுக்குப் பிரயோஜனப்பட்டிருக்கும், நான் மறுக்கவில்லை. பாட்டி கடைசிவரை கடலைப் பார்த்ததில்லை.

சாட்சி கிடைத்துவிட்டார் என்பதுதான் ஆச்சரியம். பழைய லயத்தில் நாலு வீடு தள்ளியிருந்தவர், தொண்ணூற்று நாலு வயது, இப்போது பேத்தியோடு ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) இருக்கிறார். ரப்பர் போய்த் தோட்டம் செம்பனையாகி (எண்ணெய்ப் பனை), லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள், பழைய சனம் எல்லாம் இப்படித் தாமான்களில் சிதறிக் கிடக்கிறது. கிழவிக்குக் காது மந்தம், நினைவு கத்தி. "உன் தாத்தன் லாரி ஏறி ஒரு வாரத்துல இவ பொறந்தா, பொத்திவைக்கத் துணியில்ல, கோணிச் சாக்குலதான் சுத்துனோம்" என்றார். கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார். தேதி என்ன என்று பாரத்தில் ஒரு கட்டம் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை, மழை பெய்தது என்றார்.

விண்ணப்பம் மேலே போயிருக்கிறது. தேவைப்பட்டால் சாட்சியை நேரில் கூப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று அண்ணனிடம் பேசினேன். கிழவிக்குச் சளியாம், அத்தை தினமும் காலையில் கஞ்சி காய்ச்சி டாக்சி பிடித்துக் கொண்டு போய் ஊட்டிவிட்டு வருகிறாராம்.