புத்தகம் படித்து வில் பழக முடியுமா: சில வருட அனுபவம்

குறிபார்க்க உதவும் சைட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் எதுவும் மாட்டாத வெறும் மரவில்லில் எய்யத்தான் எனக்கு ஆசை. பெங்களூரில் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் ஒலிம்பிக் ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்தது) அல்லது காம்பவுண்டு (கப்பிகள் வைத்தது) வில்லுக்குத்தான் வகுப்பு இருந்தது. சரி, புத்தகங்களை நம்பி இறங்குவோம் என்று ஆரம்பித்து இப்போது சில வருடம் ஆகிவிட்டது. முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும். ஆனால் புத்தகம் உங்கள் கையில் இருந்து பயனில்லை, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

வில்லை இழுத்துப் பிடித்திருக்கும்போது உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கண் இலக்கில் இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பிவிடும். பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு வில் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதைத்தான் புத்தகம் அவருக்குச் சொல்கிறது.

எனக்கு அப்படி அமைந்தவர் அப்பா. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், வில்லைத் தொட்டதே கிடையாது. முடிந்த ஞாயிறுகளில் அல்சூரிலிருந்து கிளம்பி ஓசூர் தாண்டி மாமாவின் மாந்தோப்புக்குப் போய்விடுவோம். வைக்கோல் பொதி, அதன் பின்னால் உயரமான மண்மேடு. (மொட்டை மாடியில் மட்டும் யாரும் முயல வேண்டாம். குறி தப்பிய ஓர் அம்பு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.) படித்ததை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர் ஒரு வரி படிப்பார், நான் இழுப்பேன். "முழங்கை கீழ இறங்குதுப்பா. அம்புக்கு நேர்கோட்டுல இருக்கணும்னு நீதான எழுதியிருக்க" என்பார். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். மற்றதை அன்று பார்க்க மாட்டார்.

அந்த நோட்டின் எலும்புக்கூடு ஆங்கிலேய அறிஞர் ராஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட 'டாக்ஸோஃபிலஸ்'. இரண்டு பேர் உரையாடுவதாக எழுதப்பட்ட நூல். நிற்பது, அம்பை நாணில் பூட்டுவது, இழுப்பது, நிறுத்திப் பிடிப்பது, விடுவது என்று ஐந்தாகப் பிரிக்கிறார். இதைவிடத் தெளிவான வரிசை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. பழைய ஆங்கிலம்தான், மெதுவாகத்தான் போகும். காற்றைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதிக்காகவே பொறுமையாகப் படிக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்கம் நாணைக் காது வரை இழுக்கச் சொல்கிறார். மூன்று நூற்றாண்டு கழித்து, 1856இல், ஹொரேஸ் ஃபோர்டு தன் நூலில் அதை நேராகவே மறுக்கிறார். அம்பு குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும், காதுக்கு இழுத்தால் அது பக்கவாட்டில் விலகிவிடும் என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் பன்னிரண்டு முறை சாம்பியன் ஆனவர். இந்த ஒரு விஷயத்தில் நான் ஃபோர்டு பக்கம். தாடைக்குக் கீழே ஆங்கர் (இழுத்த கை ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும் இடம்) வைத்த பிறகுதான் இடம் வலம் சிதறுவது குறைந்தது. ஆரம்பத்திலேயே இருவரையும் சேர்த்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஆஸ்கமின் வரிசையைப் பழகிவிட்டு, அப்புறம் ஃபோர்டின் குறிபார்க்கும் முறைக்கு வாருங்கள்.

சாக்ஸ்டன் போப்பின் 1923 நூலை எல்லாரும் சொல்வார்கள். யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியிடம் வில் கற்ற மருத்துவர் அவர். வில்லும் அம்பும் செய்யும் பகுதிகள் அருமை, இஷியைப் பற்றிய பக்கங்கள் மனதை என்னவோ செய்யும். ஆனால் அவர் பேசுவது வேட்டைக்கான கனத்த வில். முதல் வில்லின் பவுண்டை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையை, அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரியவர்களுக்கு 25 முதல் 30 பவுண்டு போதும். வில்லில் எழுதியிருக்கும் எண் வழக்கமாக 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு 26 அங்குலம் என்றால், குறையும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் இரண்டு மூன்று பவுண்டு கழியும்.

இனி அம்பு. அம்பின் விறைப்பை ஸ்பைன் என்கிறார்கள். வில்லின் பவுண்டுக்கு அது பொருந்தாவிட்டால் நீங்கள் எவ்வளவு சரியாக நின்றாலும் வீண். நாண் தள்ளும்போது அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிப் போய், பிறகு நேராகிறது. வலது கைக்காரருக்கு விறைப்பு அதிகமான அம்பு இடப்பக்கம் போகும், குறைந்தது வலப்பக்கம். இப்போதைய அளவுமுறை எளிது: 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனைகளையும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட வேண்டும். அரை அங்குலம் தொய்ந்தால் ஸ்பைன் 500. எண் கூடினால் அம்பின் விறைப்பு குறைவு. இதை நோட்டில் பார்த்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு கட்டை, தொய்வை அளக்க ஒரு டயல் கேஜ், ஒரு எடைக்கல் என்று வீட்டிலேயே ஓர் அளவுமேடை செய்துவிட்டார். ஒரே கட்டாக வாங்கிய மர அம்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு காட்டின. ஒத்தவற்றை மட்டும் பிரித்து எய்ததும், அதுவரை என் கைமேல் போட்டுக்கொண்டிருந்த பழியில் பாதி அம்புடையது என்று தெரிந்தது. நான் கற்றதில் மிகப் பெரிய லாபம் இதுதான்.

மீதிப் பாதி விரலில் இருக்கிறது. நாணை விடும்போது கை முகத்தை விட்டு வெளியே விலகினாலும் அம்பு இடப்பக்கம்தான் போகும், விறைப்பான அம்பைப் போலவே. வைக்கோலில் குத்தி நிற்கும் அம்பை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, கையைப் பார்க்கும் ஆள் ஒருவரால்தான் முடியும். புத்தகம் மட்டும் போதாது என்று நான் சொல்வது இங்கேதான்.

அரபு வில்வித்தை பற்றிய ஒரு பழைய கையெழுத்துப் பிரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1945இல் பிரின்ஸ்டனில் வந்தது. கட்டைவிரலால் இழுக்கும் முறைக்கு அது ஒரு கடல். அதில் அம்பு வில்லின் மறுபக்கம் இருக்கும், கட்டைவிரலுக்கு ஒரு வளையம் வேண்டும், விரல் பூட்டும் வேறு. மூன்று விரல் இழுப்பு கையில் படியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆஸ்கம், ஃபோர்டு, போப் மூவரின் நூல்களும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் ஆர்ம் கார்டும் (முன்கையில் நாண் அடிக்காமல் காக்கும் பட்டை) விரல் டேபும் (நாண் இழுக்கும் விரல்களுக்கான உறை) நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், வில் உடைந்துபோகும்.