கிளட்ச் வழுக்குகிறதா, விடாமல் பிடிக்கிறதா?

பட்டறையில் இரண்டுக்கும் "கிளட்ச் போச்சு" என்றே சொல்வார்கள். ஆனால் வேலையும் செலவும் வேறு வேறு.

வழுக்கும் கிளட்ச்: நாலாம் கியரில் மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) எகிறும், வண்டியின் வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். கியர் என்னவோ சுலபமாகவே விழும். டிஸ்க் (எஞ்சின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு) தேய்ந்திருக்கும், அல்லது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து அதில் ஆயில் பட்டிருக்கும். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்ச்சைக் கேபிள் இழுக்கும் வண்டியில் முதலில் பெடல் ஃப்ரீ பிளேயை (மிதிக்கத் தொடங்கும்போது பெடல் சும்மா அமுங்கும் தூரத்தை) பாருங்கள்; அது துளியும் இல்லாவிட்டாலும் வழுக்கும்.

விடாத கிளட்ச்: இழுவை குறையாது, கியர்தான் விழாது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, பெடலை முழுக்க மிதித்து 10 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். 'கரகர' என்றால் டிஸ்க் இன்னும் சுற்றுகிறது. எஞ்சினை அணைத்ததும் லேசாக விழுந்தால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். பெடலை நாலைந்து முறை பம்ப் செய்ததும் சரியானால் ஹைட்ராலிக்கில் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை இயக்கும் அமைப்பில்) காற்றோ கசிவோ இருக்கிறது. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் திரவத்தைத் தள்ளும் உருளை) தண்டின் ரப்பர் உறையை விரலால் தடவுங்கள். பிசுபிசுத்தால் கசிவு அங்கேதான். இதற்குப் போய் கிளட்ச் செட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்!

ஓடும்போது இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால், பெரும்பாலும் சின்க்ரோ (கியர் விழுமுன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) தேய்மானம்.