பாத வலிக்கு ‘ஹோலிஸ்டிக் பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருச்சியில் குதிகால் வலி, கணுக்கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் ‘ஹோலிஸ்டிக் தெரபி’ (முழுமையான சிகிச்சை) என்று போர்டு வைத்திருக்கும் ஒரு மையத்தில் அம்மாவுக்காக 28,000 ரூபாய் கட்டினோம். பணம் போனது ஒரு பக்கம், அம்மாவின் சர்க்கரை 340-க்கு ஏறியது இன்னொரு பக்கம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படியும் இதே சரக்கு வேறு வேறு போர்டில் பல ஊர்களில் விற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்ற கால். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று பிடிக்கும். கொஞ்சம் நடந்தால் தணியும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு லேசாக முள் மாதிரி நீண்டிருந்தது. அதை மையத்தில் காட்டியதும் அங்கிருந்தவர், “எலும்பு வளருதும்மா, ஆபரேஷன் வரைக்கும் போயிடும். நாங்க கரைச்சிடுவோம்” என்றார். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. எந்தப் பொடியும் அதைக் கரைக்காது என்பதையும்தான்.

முதல் வைத்தியம், காலில் இருந்து ‘நச்சு நீக்கம்’. உப்புத் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் கால்களை வைக்கச் சொல்லி, நடுவில் ஒரு கருவியைப் போட்டு சுவிட்சைத் தட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் செங்கல் நிறமாகி மேலே நுரை கட்டுகிறது. சுவரில் ஒரு சார்ட்: ஆரஞ்சு என்றால் மூட்டுக் கழிவு, பழுப்பு என்றால் கல்லீரல், கறுப்பு என்றால் இன்னொன்று. அம்மா அந்தத் தண்ணீரைப் பார்த்து, “இவ்வளவு அழுக்கா என் உடம்புல இருந்துச்சு?” என்று கலங்கிவிட்டார். எனக்கு இன்னும் கோபம் அடங்காத இடம் இதுதான்.

அந்தக் கருவிக்குள் இருப்பது இரும்புத் தகடுகள். உப்புத் தண்ணீரில் நேர்மின்சாரம் பாய்ந்தால் இரும்பு அரிக்கும், துரு தண்ணீரில் கலக்கும். அவ்வளவுதான். காலே வைக்காமல் ஓட்டினாலும் நிறம் மாறும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியில் இணைத்துப் பாருங்கள். என் தம்பி மகன் அம்மாவின் கண் முன்னாலேயே செய்து காட்டினான். அந்த டம்ளருக்கும் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது போல.

தண்ணீர் விஷயம் பணத்தோடு போய்விடும். பொடிதான் ஆபத்து. பெயர், தயாரித்தவர், உரிம எண், பேட்ச் எண் எதுவும் இல்லாத பழுப்புப் பொட்டலம். கேட்டால், “எங்க பரம்பரை மூலிகை, ஃபார்முலா வெளியே சொல்ல மாட்டோம்.” சாப்பிட்ட சில நாட்களில் வலி மாயமாகிவிட்டது. பசி கூடியது, அம்மா முகம் உப்பியது. பூரிப்பு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். சர்க்கரை எகிறிய பிறகு மருத்துவரிடம் ஓடினோம். பொட்டலத்தைப் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டார். சட்டென்று நிறுத்தவும் விடவில்லை. ஸ்டீராய்டை வெகுநாள் எடுத்தவர்கள் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது என்பதால், ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அடுத்ததைச் சொன்னார். நீங்கள் இப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன பிறகும், உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சூடான மூலிகை ஒத்தடம் வைத்தார்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு ஒரு கொப்புளத்தோடு போனது. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த மாதிரிக் கொப்புளம் புண்ணாகி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு சித்த மருத்துவத்தையே திட்ட வேண்டாம். குதிகால் வாதம் அவர்களுக்குப் பழகிய நோய். பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்தவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவிலேயே இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. இந்த மையத்தில் அப்படிப் படித்தவர் ஒருவரும் இல்லை.

அம்மாவை இப்போது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்க்கிறார். எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், வீட்டில் டைல்ஸா, என்ன செருப்பு என்று கேட்டதே அவர்தான். முழுமையான சிகிச்சை என்றால் இதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்! வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, எழுந்திருக்கும் முன் துண்டை மாட்டிப் பாதத்தை இழுப்பது. மெதுவாகத்தான் குறைகிறது. இந்த வலி பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் அடங்கிவிடுமாம், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். “பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாது” என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் சிகிச்சை என்ற வார்த்தையே இல்லை, ‘உறுப்பினர் கட்டணம்’ என்று இருக்கிறது. கட்டியிருப்பவர்கள் உங்கள் ரசீதைப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம், சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், மீதிப் பொடி எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் பொடியை மாவட்ட சித்த மருத்துவ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான புகாரோடு கொடுத்திருக்கிறோம்.