டெல்லன்பேக் மணல்மேட்டு ட்ரெயில்: கடலைத் தொட்டே தீரணுமா?

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் ஃபிளாரன்ஸ் ஊரிலிருந்து கூஸ் பே வரை ஏறக்குறைய 40 மைலுக்கு மணல்மேடுகள்தான். 1972இல் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் அந்நாட்டு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. பெரிய மேடுகளின் நடுவே நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இங்குள்ள ஜான் டெல்லன்பேக் ட்ரெயில்தான் சரி. பத்துப் பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டே போய்வரத் தோதான பாதையா என்றால், தாராளமாக. ஆனால் "கடலைத் தொட்டுட்டுத்தான் திரும்பணும்" என்று யாராவது ஒருவர் பிடிவாதம் பிடித்தால், சாவகாச நடை அங்கேயே முடிந்தது.

தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடற்கரைக்கு ஒரு வழி 2.7 மைல். தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரம். இங்கே முதல் அரை மைல் மட்டும்தான் மண்பாதை: ஈல் க்ரீக் ஓடைப் பாலத்தைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே போகும். காடு முடிகிற இடத்தில் திடீரென்று மணல் எழும்பி நிற்கும். அதற்குப் பிறகு பாதை என்று எதுவும் கிடையாது. நீலப்பட்டை அடித்த மரக்கம்பங்கள்தான் வழிகாட்டி. மணலில் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். சாப்பாடு, போட்டோ எல்லாம் சேர்த்துக் கடல் வரை போய்வர ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மணலில் எங்கே கால் வைப்பது என்று தெரிந்தால் பாதிக் களைப்பு மிச்சம். மேற்பரப்பில் சின்னச் சின்ன வரிகள் ஓடினால் அது காற்று அடிக்கிற பக்கம். மணல் இறுகியிருக்கும், ஷூ ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. வரியே இல்லாமல் வழவழவென்று செங்குத்தாகச் சரிந்திருந்தால் அது மணல் கொட்டி நிற்கிற பக்கம். கிட்டத்தட்ட 33 டிகிரிச் சரிவில், இதோ சரியப்போகிறேன் என்று நிற்கும். அதில் ஏறினால் இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வழுக்கும். குறுக்கே ஏறாமல், சுற்றானாலும் முகட்டோடு நடங்கள். முந்தின இரவு தூறியிருந்தால் யோகம்தான், ஈர மணல் கெட்டியாக இருக்கும்.

குழுவுக்குப் பெரிய தொல்லை ஆள் காணாமல் போவது. வெட்டவெளிதானே என்று தோன்றும். ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் இருபதடி தூரத்தில் இருப்பவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார். காற்றில் கூப்பிட்டாலும் கேட்காது. மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் கம்பங்களும் சில நேரம் சாய்ந்து கிடக்கும், பாதி புதைந்திருக்கும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நியமித்துவிட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்பதுதான் வழி. கடற்பனி இறங்கினால் அடுத்த கம்பமே தெரியாது. எனவே போனில் ஆஃப்லைன் மேப் இறக்கி, காட்டிலிருந்து மணலுக்குள் நுழைகிற இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பலர் தடுமாறுவது அங்கேதான், மர வரிசை முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

இனி அந்தக் கடல் விவகாரம். மேடுகள் முடிந்ததும் நேராகக் கடல் வந்துவிடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே, மணல் பறப்பதைத் தடுக்க ஐரோப்பியக் கடற்கரைப் புல்லை இங்கே நட்டார்கள். அது மணலைப் பிடித்துவைத்துக் கரையோரமாக ஒரு நீள அணையையே எழுப்பிவிட்டது. கடலிலிருந்து புது மணல் உள்ளே வருவது நின்றது. அணைக்குப் பின்னால் இருந்த மணலைக் காற்று நிலத்தடி நீர்மட்டம் வரை வாரிக்கொண்டு போனது. அந்தப் பள்ளத்தில் இப்போது புதர், கோரை, சேறு. மழைக்காலத்திலும் வசந்தத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது சாதாரணம். நீர் ஊறிய மணலில் கால் புதைகிற இடங்களும் உண்டு. கோடைத் தொடக்கத்தில் போனால் கொசு. இத்தனையும் தாண்டிப் போனால் கிடைப்பது ஓரிகனில் எங்கும் பார்க்கக்கூடிய ஒரு கடற்கரைதான். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடுகளின் மேற்கு விளிம்பில் உட்கார்ந்தாலே கடல் தெரிகிறது. குழுவாக வருபவர்கள் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

கட்டாயம் இறங்கத்தான் வேண்டும் என்றால் ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை போங்கள். மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை ஸ்னோவி ப்ளோவர் என்ற சின்னக் கரைப்பறவை உலர்ந்த மணலில் முட்டையிடும் காலம். அறிவிப்புப் பலகை வைத்த இடங்களில் ஈர மணலில் மட்டும்தான் நடக்கலாம். நாய், பட்டம், ட்ரோன் எதற்கும் அனுமதியில்லை.

கோடையில் மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று வலுக்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் காற்று ஏறுவதற்குள் பாதி நடை முடிந்துவிடும். கணுக்கால் மூடிய லேசான ஷூ, மேலே கெய்ட்டர் (ஷூவுக்குள் மணல் புகாமல் கணுக்காலைச் சுற்றி மாட்டும் உறை). சாண்டல் வேண்டாம், வாருக்கும் தோலுக்கும் நடுவே மணல் புகுந்து அரை மணியில் தேய்த்துவிடும். கண்ணில் மணல் விழாமலிருக்கக் கண்ணாடி கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். புளியோதரை டப்பாவைத் திறந்தவெளியில் திறந்தால் கடைசி வாய் வரை நறநறதான். சுருட்டிய சப்பாத்தி கொண்டுபோய், மேடுகளுக்கு நடுவே தீவு மாதிரி நிற்கும் மரக்கூட்டங்களின் மறைவில் சாப்பிடுங்கள்.

முட்டி வலிக்காரர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் காட்டையும் மணல் விளிம்பையும் சுற்றிவரும் ஒரு மைல் வட்டப்பாதை போதும். அதுவும் முடியாதென்றால் ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே பத்து மைலில் ஓரிகன் ட்யூன்ஸ் டே யூஸ் பகுதியில் பார்வை மேடைகள் இருக்கின்றன.

ட்ரெயில் தொடங்கும் இடம் 101ஆம் நெடுஞ்சாலையில், ரீட்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே சுமார் 11 மைல். யூஜீனிலிருந்து இரண்டு மணி நேரம், போர்ட்லாண்டிலிருந்து நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. எனவே நாலு காரை இரண்டாக்கிக்கொண்டு வாருங்கள்.