நரம்பு சுருட்டலுக்கு லேசரா? பிறவியிலேயே இருந்தால் பணம் கட்டாதீர்கள், முதலில் இதைக் கேளுங்கள்

நரம்பு சுருட்டல் (வெரிகோஸ் வெயின்) என்பது உண்மையில் நரம்பு அல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை புடைத்துச் சுருள்வது. ‘ஒரு மணி நேர லேசர், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்’ என்று மருத்துவமனைகளில் பேக்கேஜ் பேசுகிறார்கள். வயது ஏறி, நின்றே வேலை பார்த்து வந்த சுருட்டலுக்கு அது நல்ல சிகிச்சைதான். பிறவிச் சிரைக் கோளாறு உள்ள காலுக்கும் அதையே தலையில் கட்டும்போதுதான் கால் கெடுகிறது.

அந்தக் காலைக் கண்ணாலேயே சந்தேகிக்கலாம். சிறு வயதிலிருந்தே வெளிப்பக்கமாக ஓடும் தடித்த சிரை, கருஞ்சிவப்புப் பிறவித் தழும்பு, மற்றக் காலைவிடக் கூடுதல் நீளம் அல்லது பருமன். 1900இல் கிளிப்பெல், டிரெனோனே என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த அறிகுறிக் கூட்டு இது. (சாதாரணச் சுருட்டல் பெரும்பாலும் உட்பக்கம்தான் வரும்.)

இப்படிப்பட்ட கால்கள் சிலவற்றில் ஆழ்சிரை (தசைக்குள் ஆழத்தில் ஓடும் சிரை) குறுகியிருக்கும். சில இடங்களில் உருவாகியே இருக்காது. அப்போது புடைத்துத் தெரியும் அந்த மேற்சிரைதான் ரத்தம் மேலே ஏற முக்கிய வழி. அதைச் சுட்டு அடைத்துவிட்டால் வீக்கம், கணுக்கால் கருப்பு, ஆறாத புண் வரலாம். திரும்பப் போய்க் கேட்டால் ‘உங்க உடம்பு வாகு’ என்பார்கள்.

கோட்டை விடுவது டாப்ளரில்தான் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்). படுக்கவைத்து இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ‘வால்வு போச்சு’ (ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரைத் தடுப்பு கெட்டுவிட்டது) என்றால் நம்பாதீர்கள். நிற்கவைத்து, கெண்டைச்சதையை அமுக்கி விட்டபின் மேற்சிரையில் அரை விநாடிக்கு மேல் ரத்தம் கீழ்நோக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடை ஆழ்சிரையும் முழங்கால் பின்புறச் சிரையும் இருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்று அறிக்கையில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இடுப்புக்குள் போகும் சிரைகளுக்கு எம்.ஆர். வெனோகிராம் (சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) தேவைப்படும். ஆழ்சிரை பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கையை வைத்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆழ்சிரை நன்றாக இருந்தால் கதையே வேறு. வெளிப்பக்கப் பெருஞ்சிரையில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருப்பதால், அதை அடைப்பதே நல்லது என்று அனுபவமுள்ள ரத்தநாள அறுவை மருத்துவர் சொல்லக்கூடும்.

கால் சூடாக இருந்து, தொட்டால் அதிர்வு தெரிந்தால் தமனியும் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) சிரையும் நேரடியாக இணைந்திருக்கலாம். அந்தக் காலுக்கு இந்த லேசர் தீர்வே இல்லை.

காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸிலும் (அழுத்தக் காலுறை) ஏமாற்று உண்டு. வீங்குமுன் காலையிலேயே கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை எடுக்காமல் கொடுப்பது பயன்படாது. இரண்டு கால்களின் அளவும் வேறாக இருப்பதால் ஜோடியாக விற்பதை வாங்காதீர்கள், ஒற்றையாகக் கேளுங்கள்.