மலிவு விலை நாலாம் நம்பர் இழைப்புளி: வாங்கலாம், ஆனால் அப்படியே ஓட்ட முடியாது

வீட்டுப் பட்டறையில் ஒரே ஒரு இரும்பு இழைப்புளிக்குத்தான் இடம் என்றால், அது நாலாம் நம்பராக இருக்கட்டும். சுமார் ஒன்பதரை அங்குல நீளம், இரண்டு அங்குல பிளேடு, 45 டிகிரி சாய்வு. அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர் லெனார்டு பெய்லி 1860களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. 1869இல் ஸ்டான்லி நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று பல பெயர்களில் வரும் மலிவு இழைப்புளிகள் எல்லாம் அதன் நகல்களே. வடிவத்தில் குறையில்லை, முடித்த விதத்தில்தான் கஞ்சத்தனம்.

வாங்கும்போதே அடிப்பாகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்முனை, வாய்க்கு (பிளேடு வெளியே வரும் திறப்பு) சற்று முன்னால், பின்முனை ஆகிய மூன்று இடங்களும் ஸ்கேலைத் தொட்டால் போதும், நடுவே லேசான பள்ளம் இருந்தால் பாதகமில்லை. வாய்க்கு முன்னால் பள்ளம் இருந்தால்தான் சிக்கல்: மரத்தை அங்கே அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாததால் செதில் பெயரும். ஒரு தாள் தடிமன் அளவுக்குக் கோணல் என்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். முறுக்கிய உடலையும் வாயோரம் விரிசல் விட்டதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேய்க்க, தடித்த கண்ணாடிமேல் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். பிளேடை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கழற்றாமல், லீவர் கேப்பை (பிளேடை மேலிருந்து அழுத்திப் பூட்டும் மூடி) வழக்கம்போல் இறுக்கியே தேய்க்க வேண்டும். அந்த இறுக்கத்தில் உடல் கொஞ்சம் வளையும்; கழற்றித் தேய்த்தால் மறுபடி பூட்டும்போது மட்டம் மாறிவிடும். அடியில் பென்சில் கோடுகள் போட்டுவைத்தால் எங்கே தேய்கிறது என்று தெரியும். 220 வரை போனால் போதும். கண்ணாடிபோல் மினுக்குவது வெறும் ஆசைதான், வேலைக்கு ஆகாது.

பிளேடு 25 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டுத்தான் வரும், தீட்டி வராது. பின்பக்கத்தின் நுனி 2 செ.மீ.யை மட்டமாக்குங்கள். பக்கவாட்டில் கவ்வும் ஹோனிங் கைடில் (தீட்டும்போது பிளேடை ஒரே சாய்வில் பிடிக்கும் சாதனம்) 38 மி.மீ. நீட்டிப் பூட்டினால் 30 டிகிரி கிடைக்கும். 1000ஆம் நம்பர் தீட்டுக்கல்லில் முழு அகலத்துக்கும் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை தீட்டுங்கள், பிறகு 6000இல். இரு மூலைகளையும் லேசாக மழுக்கிவிட்டால் பலகையில் கோடு விழாது.

பலர் கவனிக்காமல் விடுவது சிப் பிரேக்கர், அதாவது சீவலை மடக்கிவிட பிளேடின் மேல் பூட்டும் தகடு. மலிவு மாடல்களில் அதன் நுனி பிளேடில் முழுதாக உட்காராது. மயிரிழை இடுக்கு இருந்தாலும் சீவல் அதற்குள் நுழைந்து வாயை அடைத்துக்கொள்ளும். நுனியின் அடிப்பக்கத்தைக் கல்லில் வைத்து, வால்பக்கத்தைக் கல்லின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தித் தேய்த்தால் நுனி விளிம்பு மட்டும் பிளேடைத் தொடும். பொது வேலைக்கு அதைப் பிளேடு முனையிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. தள்ளிப் பூட்டலாம். கணுவைச் சுற்றி ரேகை திரும்பும் இடங்களில் அரை மி.மீ.க்கும் குறைவாக. சீவல் எழும்பிய உடனே மடிவதால் முன்னால் பிளந்துகொண்டு ஓடாது.

ஆழம் வைக்கும் பித்தளைச் சக்கரத்தில் அரைச் சுற்றாவது லொடலொடக்கும். அது குறையல்ல, பழக்கிக்கொள்ள வேண்டிய குணம்: அளவைக் குறைத்தாலும் சரி, கடைசித் திருகல் பிளேடு முன்னேறும் பக்கமாக இருக்கட்டும். இல்லையென்றால் நாலு இழுப்பில் பிளேடு பின்வாங்கிவிடும். இழைத்த இடத்தில் அலையலையாக வரி விழுந்தால் பிளேடைத் தாங்கும் அடிக்கட்டையின் திருகுகளை இறுக்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் தளர்வு.

எங்கே உதவாது? நீளப் பலகையின் விளிம்பை நேராக்க இது குட்டை. மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிளைவுட்டில் உள்ள பசை பிளேடு முனையைச் சீக்கிரம் மழுக்கும். குறுக்கு வெட்டு முனையை இழைக்கலாம், மறுகோடியில் ஒரு துண்டுக் கட்டையை ஒட்டிக் கவ்விக்கொண்டால் ஓரம் பிய்யாது. தள்ளக் கனமாக இருந்தால் அடியில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு.

கூடவே தடித்த பிளேடும் வாங்கத் தோன்றும். இதில் வருவது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன், 3 மி.மீ. பிளேடு வாய்க்குள் நுழையாமல் போகலாம். அரத்தால் வாயை அகலமாக்கினால் பிறகு பழையபடி ஆக்க முடியாது.