கடிக்கும் கிளிக்கு ஒரு பயிற்சி செட்: குச்சியும் கிளிக்கரும் அருமை, கையுறை வேண்டாம்

கை நீட்டினாலே கடிக்கிற கிளியை வைத்திருப்பவர்களுக்கு என்று இப்போது ஒரு செட் கிடைக்கிறது. ஒரு டார்கெட் குச்சி, ஒரு கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும் சின்னக் கருவி), ஒரு ஜோடி தடித்த தோல் கையுறை, கூடவே ஒரு சின்ன கையேடு. நாலில் இரண்டு மிக நல்ல பொருள்கள், ஒன்று தேவையே இல்லாதது, ஒன்று தப்பான வழியைச் சொல்லிக் கொடுப்பது. எது எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில் குச்சி. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், நுனியில் சின்ன உருண்டை வைத்த ஒரு குச்சி, அவ்வளவுதான். கிளி அலகால் அந்த நுனியைத் தொட்டால் கிளிக்கரை அழுத்த வேண்டும், 'டிக்' என்ற சத்தம் வந்த கையோடு அதற்குப் பிடித்த தீனி, எங்கள் வீட்டில் சூரியகாந்தி விதையில் ஒரு துண்டு. அந்தத் தீனியை மற்ற நேரத்தில் கிண்ணத்தில் போடவே கூடாது, போட்டால் பயிற்சிக்கு மதிப்பு இருக்காது. முறை புதிதல்ல. உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940களிலேயே பல விலங்குகளையும் பறவைகளையும் இப்படித்தான் பழக்கினார்கள், 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் பின்னாளில் இதை நாய் வளர்ப்பவர்களிடம் பரப்பினார். கிளிகளுக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

எங்களிடம் இருப்பது சன் கன்யூர் என்ற கிளி வகை. வேறொரு வீட்டில் வளர்ந்து எங்களிடம் வந்த பறவை, கூண்டுக் கதவைத் திறந்தாலே பாய்ந்து வந்து ரத்தம் வருகிற மாதிரி கடிக்கும். அதற்குக் கடி ஒரு கெட்ட பழக்கம் இல்லை, வேலை செய்கிற ஒரு வழி. கை வருகிறது, கடித்தால் கை போய்விடுகிறது. ஒரு தடவை பலித்ததை அது ஏன் விட வேண்டும்? கிளிகளின் நடத்தை பற்றி நிறைய எழுதியும் பேசியும் வரும் சூசன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் வலியுறுத்துவதும் இதைத்தான்: கடியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்ததும் கிளிக்கு என்ன கிடைத்தது என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

குச்சி அருமை என்று நான் சொல்வதற்குக் காரணம் அது கொடுக்கும் இடைவெளி. கை தூரத்திலேயே இருக்கிறது, கிளிக்குப் பயமில்லை, நமக்கும் பயமில்லை, கிட்ட வரலாமா வேண்டாமா என்பதைக் கிளியே முடிவு செய்கிறது. முதலில் கூண்டுக் கம்பிக்கு வெளியிலிருந்தே தொடங்கினோம். நுனியைப் பார்த்தாலே விதை, கொஞ்சம் நகர்ந்து வந்தால் விதை, தொட்டால் விதை. அப்புறம் குச்சியைப் பின்தொடர்ந்து கூண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகக் கற்றுக்கொண்டது, அதாவது தண்ணீர்க் கிண்ணம் மாற்றும்போது அது எதிர்ப்பக்கத்தில் நிற்கும், கையோடு சண்டை போட வேண்டிய அவசியமே வராது. கையில் ஏறுவது கடைசியில்தான் வந்தது. குச்சியைக் கைக்கு அந்தப் பக்கம் பிடித்தால் அதைத் தொடுவதற்காக ஒரு காலை விரல்மேல் வைக்கும், உடனே டிக். அந்த ஒரு காலுக்கே நாங்கள் வெகுநாள் காத்திருந்தோம், அவசரப்பட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். தினமும் சில நிமிடம் போதும், சலிப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

கிளிக்கர் கொஞ்சம் சத்தம் கூடியது. எங்கள் பறவை முதல் டிக்கிலேயே பறந்து போய் மேல்கம்பியில் உட்கார்ந்துகொண்டது. துணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தியதும் சரியாகிவிட்டது. காக்கட்டீல், லவ்பேர்ட் மாதிரி சட்டென்று மிரளும் பறவை என்றால் நாக்கால் 'ட்சக்' என்று ஒரே மாதிரி ஒலி எழுப்பினாலும் போதும்.

இனி கையுறை. இதைத்தான் பெட்டியில் பெரிதாகப் படம் போட்டிருக்கிறார்கள், நான் அழுத்தமாக வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். கையுறை போட்ட கையைக் கிளியால் விரட்ட முடியாது, சரி, ஆனால் அதனால் பயம் குறையாது, கூடத்தான் செய்யும். கழற்றிய பிறகு வெறுங்கை மேல் அந்தப் பயம் முழுக்க வந்து விழும். இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. பறவைகளுக்கு நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே ஓடும். தடித்த தோலுக்குள் இருக்கும் விரல்களுக்கு எவ்வளவு இறுக்குகிறோம் என்பது தெரியாது, நெஞ்சைச் சுற்றி இறுக்கிவிட்டால் சின்னப் பறவை மூச்சுமுட்டி இறந்தே போகலாம். அவசரத்துக்குப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய துண்டு எவ்வளவோ மேல், அதிலும் நெஞ்சை அழுத்தாமல் பிடிக்க வேண்டும்.

கையேடு பற்றி. கிளி கடித்தால் கையை ஆட்டி நிலைகுலைய வைக்கச் சொல்கிறது, உரத்த குரலில் அதட்டச் சொல்கிறது, அலகில் சுண்டச் சொல்கிறது. மூன்றும் வேண்டாம். ஆடும் கையில் நிற்கப் பயந்தால் அடுத்த முறை அது கையில் ஏறவே ஏறாது. அதட்டல் சில கிளிகளுக்கு வேடிக்கையாகவே இருக்கும், அதைக் கேட்பதற்காகவே மறுபடி கடிக்கும். சுண்டுவது அடிப்பதற்குச் சமம், அதை எந்தப் பேர் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. கடிபட்டால் சத்தம் போடாமல் பறவையைப் பக்கத்தில் இருக்கும் கட்டையில் இறக்கிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போங்கள், அது போதும்.

கையேட்டில் இருந்திருக்க வேண்டியது, ஆனால் ஒரு வரி கூட இல்லாதது, கடிப்பதற்கு முன்னால் கிளி சொல்லும் சேதிகள். கண்ணின் கருமணி சட்சட்டென்று சுருங்கி விரிவது (இது சந்தோஷத்திலும் வரும், உடம்பின் மற்ற பாகங்களையும் பார்க்க வேண்டும்), பிடரி இறகுகள் சிலிர்ப்பது, அமேசான் கிளி வாலை விசிறியாக விரிப்பது, காக்கட்டூ கொண்டையை நிமிர்த்துவது, உடம்பு பின்னால் சாய்வது, திடீரென்று சிலையாக உறைந்து நிற்பது. இதைப் பார்த்ததும் கையைப் பின்வாங்கினால் கடி வரை போகவே போகாது. அது தோல்வி இல்லை. சொன்னதைக் கேட்கிறார்கள் என்று கிளிக்குப் புரிந்தால் கடிக்கும் தேவையே குறையும். இன்னொன்று, கிளிக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி, ஏறுவதற்கு முன்னால் விரல் உறுதியாக இருக்கிறதா என்று அலகால் தொட்டுப் பார்க்கும். அதைக் கடி என்று நினைத்துக் கையை இழுத்துவிட்டால் ஏற வந்த பறவை ஏமாந்துபோகும், அடுத்த தடவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

இந்தக் குச்சியால் தீராத கடிகளும் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஹார்மோன் ஏறும்போது சாதுவான பறவை கூடக் கடிக்கும், அப்போது இருட்டான பெட்டி, பொந்து மாதிரியான மறைவிடங்களை எடுத்துவிட்டு, முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவுவதை அடியோடு நிறுத்த வேண்டும், தலையும் கழுத்தும் போதும். தூக்கம் குறைந்தாலும் எரிச்சல் வரும், பத்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் அதற்குத் தேவை. இறகு உதிர்ந்து புது முளை இறகு வரும் சமயத்தில் தொட்டாலே வலிக்கும். இதுவரை கடிக்காத கிளி திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் பயிற்சியைத் தள்ளி வையுங்கள், பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். நோயைக் கடைசி வரை மறைத்து வைப்பது பறவைகளின் இயல்பு.

எங்கள் பறவை இப்போது என் கையில் ஏறுகிறது. புதியவர்கள் வந்தால் இன்னும் பாய்கிறது, அதற்குத் தனியாக வேலை நடந்துகொண்டிருக்கிறது.

வாங்குவதானால் செட்டாக வேண்டாம், குச்சியும் கிளிக்கரும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சாயமோ வார்னிஷோ பூசாத சுத்தமான மரக்குச்சியே போதும். துத்தநாகப் பூச்சுள்ள உலோகக் குச்சி பக்கம் போகவே வேண்டாம், துத்தநாகம் கிளிக்கு விஷம். இந்த செட்டில் நுனி உருண்டையை வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், எங்கள் கன்யூர் அதைக் கடித்துப் பிய்த்துவிட்டது, நல்லவேளை விழுங்கவில்லை. தயாரிப்பவர்கள் அடுத்த முறை நுனியையும் குச்சியையும் ஒரே மரத்தில் கடைந்து கொடுத்தால் நன்றாக இருக்கும், கையுறைக்கு ஆகும் செலவில் அதைத் தாராளமாகச் செய்யலாம்.